கோதை வைத்த புளியங்கொட்டைகள்

ஆகஸ்ட் 4

இந்த இல்லத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்து இன்றோடு மூன்று நாள். சென்னையில் முப்பது வருடம் நர்ஸாக வார்டு வார்டாகக் குப்பை கொட்டிய எனக்குக் கோத்தகிரியின் அமைதி இன்னும் பிடிபடவில்லை. மதியம் மூன்று மணிக்கு மூடுபனி வருகிறது. யாரையும் கேட்காமல் வராந்தா வழியாக உள்ளே நுழைந்து, கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கமாக வெளியே போகிறது. சில டாக்டர்களைவிட ஒழுங்காக ரவுண்ட்ஸ் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டுப் பெண்கள். மூளை வளர்ச்சி குன்றியவர்கள், வலிப்பு உள்ளவர்கள். பாதிப் பேருக்குப் பேச்சு வராது. வயது இருபத்திரண்டிலிருந்து அறுபதுவரை, ஆனால் இங்கே எல்லோரும் அவர்களைப் "பிள்ளைங்க" என்றுதான் சொல்கிறார்கள். அறுபது வயதுப் பிள்ளை ஒருத்தி இன்று என் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அது நின்றுபோய்விட்டது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்கு முன்னால் இருந்த லூர்துமேரி சிஸ்டர் உடம்பு முடியாமல் அவசரமாகப் போய்விட்டவர். நாங்கள் சந்திக்கவே இல்லை. அவருடைய மேசையை இன்று சுத்தம் செய்தேன். மை தீர்ந்த பேனாக்கள், ஜெபமாலை, நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று. அதற்குள் அடியில் நாலைந்து புளியங்கொட்டைகள். எறும்பு வரும் என்று டம்ளரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த இடத்துக்கு நேர் எதிரே என் பலகையை மாட்டினேன். "சம்பவமில்லா நாட்கள்" என்று மேலே பெயின்ட்டில் எழுதி, கீழே சாக்பீஸால் எண். யாரும் விழாமல், அடிபடாமல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். பத்தாவது நாள் எல்லோருக்கும் சேமியாப் பாயசம், ஊழியர்களுக்கு அரை நாள் விடுப்பு. யாராவது விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. தொழிற்சாலை வாசல்களில் பார்த்திருக்கிறேன். இரும்புக்கே அது போதுமென்றால் மனிதர்களுக்குப் போதாதா?

ஆகஸ்ட் 20

பதினாறு நாள் ஓடிய பலகை இன்று பூஜ்யத்துக்கு வந்தது. நேற்று குளியலறைப் படியில் வெண்ணிலா வழுக்கி விழுந்தாளாம். முப்பத்தொரு வயது, வலிப்பு உள்ளவள், எதற்கெடுத்தாலும் கைதட்டிச் சிரிப்பவள். அடி ஒன்றும் இல்லை. ஆயா பொன்னாத்தாள் தானாகவே வந்து சொன்னாள்.

காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சும்மா ஒரு வார்த்தைதான் கேட்டேன். "உங்க கண்ணு எங்க இருந்துச்சு, பொன்னாத்தா?" குரலை உயர்த்தவே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அரை நாள் விடுப்பு போன வருத்தம் தெரிந்தது. ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று அவளைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினேன்.

ஆகஸ்ட் 29

இன்று ஒரு வேடிக்கை. கோதை என்று ஒருத்தி, நாற்பத்தாறு வயது, கிராப்பு வெட்டிய தலை. பேசமாட்டாள். சமையலறையில் புளி ஆய்ந்து கொட்டை எடுப்பது அவள் வேலை, அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்று மணிக்குப் பனியோடு பனியாக என் அறைக்குள் வந்து மேசையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள்.

"எனக்கா? ரொம்ப தேங்க்ஸ்" என்று பிஸ்கட் ஒன்றை நீட்டினேன். வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள், நான் ஏதோ சொல்ல மறந்துவிட்டதுபோல. பிறகு போய்விட்டாள்.

கொட்டை நல்ல பளபளப்பு. ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 9

இருபதாவது நாள். இந்தச் சுற்றில் இரண்டாவது பாயசம். வார்டு பொறுப்பு சிஸ்டர் சுகந்தி இருக்கிறவரை எனக்குக் கவலை இல்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் போதும், "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்பாள். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.

செப்டம்பர் 17

கோதை இன்று இரண்டு கொட்டை வைத்தாள். என்னைப் பிடித்துப் போய்விட்டது போல.

அக்டோபர் 9

ஐம்பது! இல்லத்தின் செயலாளர் நஞ்சப்பன் சார் நேரில் வந்து பலகையோடு படம் எடுத்துக்கொண்டார். "பாருங்க மேடம், நம்ம மத்த நாலு இல்லத்துலயும் இதே மாதிரி மாட்டிரலாம். நூறாவது நாள் ஒரு விழா வச்சிருவோம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், திரும்பிப் போகும்போது பலகையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 21

விடாத மழை. வெளியே சில்வர் ஓக் மரங்கள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். பனி அறைக்குள் வந்து பலகையில் இருந்த எண்ணை மெதுவாக நக்கித் தின்கிறது. நான் சாக்பீஸைத் தேடுகிறேன். கைக்கு அகப்படுவதெல்லாம் புளியங்கொட்டை. விழித்துப் பார்த்தால் கோதை எதிரே நிற்கிறாள். மேசையில் ஒரு கொட்டை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

முதலுதவிப் பெட்டியில் பேண்டேஜ் தீர்ந்துவிட்டது என்று சுகந்தி மறுபடி கேட்டாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. மழைக்கு நமத்துப் போகிறது போலிருக்கிறது. எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 15

எண்பத்தேழு. விழா அழைப்பிதழ் வேலை தலைக்கு மேல்.

கோதை இன்று சரியில்லை. கொட்டையை வைத்தவள் போகவே இல்லை. அதைக் கையில் எடுத்து மறுபடி மேசையில் தட்டி வைத்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் என் முந்தானையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். ஃபோனில் நஞ்சப்பன் சார் இருந்தார். "சுகந்தி, கோதையைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க" என்று குரல் கொடுத்தேன். சுகந்தி ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. மழையில் நனைந்திருப்பாள்.

நவம்பர் 18

தொண்ணூறு. பாயசத்தில் முந்திரி கூடப் போடச் சொன்னேன். வெண்ணிலாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மூன்று நாளாகச் சால்வைக்குள்ளேயே இருக்கிறாள். காலைக் கூட்டத்தில் எண்ணை எழுதியதும் முதலில் கைதட்டுகிறவள் அவள்தான். இப்போது தட்டுவதில்லை. பெரிய பெண் ஆகிவிட்டாள் என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. கோதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை ஸ்பூனால் ஊட்டிவிட்டாள்.

நவம்பர் 24

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

விழாவுக்கு ஒத்திகை. எல்லோரும் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். வெண்ணிலா ஒரு கையால் தொடையில் தட்டினாள். "ரெண்டு கையாலயும் தட்டும்மா" என்று அருகில் போய் நானே சால்வையை விலக்கினேன்.

இடது மணிக்கட்டு பன்ரொட்டி மாதிரி வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தது. நீலம் மஞ்சளாக மாறிவிட்டிருந்தது. அந்த மஞ்சளுக்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "ஒம்பது பத்து நாள் ஆயிருக்குமே. எலும்பு கோணலாவே கூட ஆரம்பிச்சிருக்கு. கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணித்தான் நேர் பண்ணணும்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இத்தனை நாள் யாரும் பாக்கலையா?"

வராந்தாவில் சுகந்தி உடைந்துபோய் அழுதாள். பதினைந்தாம் தேதி அதே குளியலறைப் படி. இவளே கட்டுப் போட்டிருக்கிறாள், வலி மாத்திரை கொடுத்திருக்கிறாள். "சுளுக்குன்னுதான் நெனச்சேன் மேடம். நூறு நாள் வருதே... எல்லாரும் அவ்வளவு ஆசையா இருந்தாங்க. பொன்னாத்தாக்கா மாதிரி நானும் எல்லார் முன்னாடியும் நிக்கணுமான்னு பயமா இருந்துச்சு."

நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. வேனில் வரும்போது என் மனதில் முதலில் வந்தது வெண்ணிலாவின் கை இல்லை. இன்னும் நான்கே நாள் என்பதுதான் வந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

மாலையில் நஞ்சப்பன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆபரேஷன் நல்லபடியா பண்ணிருவோம், அதுல குறை வைக்க வேண்டாம். ஆனா மேடம், நீங்க கூப்பிட்டதை நான் இன்னும் எடுக்கலைன்னே வச்சுக்கங்களேன். இருபத்தெட்டாம் தேதி முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

நவம்பர் 25

பலகையில் 97 என்று எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நவம்பர் 26

98 எழுதச் சாக்பீஸை எடுத்தேன். கோதை கூட்டத்தின் பின்னால் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதாமல் வெளியே போய்விட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்து சலவைக்கூடத்தில் போய் நின்றேன்.

உள்ளே வெந்நீர் ஆவி. வெளியே பனி. கதவைத் திறந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பொன்னாத்தாள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, துணி பிழியும் சத்தம் மட்டும் கேட்டது. முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

பிழியும் சத்தம் நின்றது. "கேள்விப்பட்டேனுங்கம்மா" என்றாள். "கோதை உங்களுக்குச் சொல்லலீங்களா?"

"கோதை எப்படிச் சொல்லுவா?"

"கொட்டை வெச்சிருப்பாளேங்க."

நான் துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பொன்னாத்தாள் ஆவிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"லூர்துமேரி அம்மா இருந்தப்ப மேசை மேல ஒரு டம்ளர் இருக்குமுங்க. எங்கள்ல பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புள்ளைங்க யாராச்சும் உளுந்துட்டா, சூடு பட்டுட்டா, நம்மளே கோவத்துல ஒரு அடி வெச்சுட்டாக்கூட, அதுல ஒரு கொட்டை போட்டுரோணும். பேரு வேண்டாம். சாயங்காலம் அந்தம்மா டம்ளரைக் கவுத்து எண்ணும். அத்தனை கொட்டைக்கும் வார்டுக்குள்ள வந்து தேடும்."

"யார் போட்டதுன்னு தேடுவாங்களா?"

"இல்லீங்க. யாருக்கு வலிக்குதுன்னு தேடும். வந்து மொத வார்த்தை, 'இப்ப எப்படி இருக்கா?' அவ்வளவுதானுங்க. மத்ததெல்லாம் பொறவு."

பிறகு, என்னைக் குத்திக்காட்ட அல்ல, உள்ளதைச் சொல்கிற குரலில், "டம்ளரு போனப்புறம் நாங்க உட்டுட்டோமுங்க. கோதை உடலைங்க. அவளுக்குத்தான் பலகை படிக்கத் தெரியாதே" என்றாள்.

அறைக்கு வந்து பாட்டிலைக் கவிழ்த்தேன். பத்தொன்பது கொட்டைகள். மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சுகந்தியையும் ஆயாக்களையும் ஒவ்வொருவராக அழைத்தேன். "யார்னு கேக்கமாட்டேன். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க." முதல் மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். நான்காவது ஆயா அழத் தொடங்கினாள். பிறகு மடை திறந்துவிட்டது. குளியலறைப் படியில் மட்டும் எட்டு. வெந்நீர் பட்ட பாதம் ஒன்று. வலிப்பு வந்து கட்டில் கம்பியில் மோதிய நெற்றி. கதவிடுக்கில் நசுங்கிய விரல். நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு கொட்டை வைத்த அன்று இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். நான் கண் அசந்த அன்று வாளியில் இடறி ஒருத்திக்கு உதடு கிழிந்திருக்கிறது. நான் பிஸ்கட் நீட்டியிருக்கிறேன்.

பதினான்கு கொட்டைகளுக்குக் கணக்குக் கிடைத்தது. ஐந்து யாருக்கும் நினைவில்லை. கோதைக்கு இருக்கும்.

நவம்பர் 27

கொத்தனாரை அழைத்து அந்தப் படியை இடிக்கச் சொன்னேன். சரிவாக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. அரை நாள் வேலை. மூன்று மாதம் முன்பே செய்திருக்கலாம், பொன்னாத்தாள் சொன்ன அன்று நான் அந்தப் படியைப் போய்ப் பார்த்திருந்தால்.

திருப்பூரில் இருக்கும் வெண்ணிலாவின் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். எதையும் மறைக்கவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"ஒம்பது நாளும் வலிச்சிருக்குமேங்க?"

ஆமாம் என்றேன்.

"அவ சொல்லமாட்டாங்க. அதனாலதான் உங்ககிட்ட விட்டது."

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஃபோனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

பதினான்கு சம்பவங்களையும் விவரம் தெரியாத ஐந்தையும் எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் முதலாவதாக என் பெயரை எழுதி, நிர்வாகக் குழுவுக்கும் மாவட்ட நல அலுவலகத்துக்கும் அனுப்பினேன். சுகந்தி மறைத்தது தவறுதான். அதையும் எழுதினேன். அவள் ஏன் மறைத்தாள் என்பதையும் எழுதினேன். அனுப்பும் முன் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

நவம்பர் 28

விழா. தோரணம், மைக், மேடையில் என் பலகை, முன்வரிசையில் விருந்தினர்கள். பனி அவர்களுடைய பட்டுப்புடவைகளின் மேல் நனைத்தும் நனைக்காமலும் உட்கார்ந்திருந்தது. எல்லாம் கனவில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. நஞ்சப்பன் சார் புதுச் சாக்பீஸ் ஒன்றை ரோஜாப்பூ வைத்த தட்டில் நீட்டினார். நான் அனுப்பிய கடிதத்தைப் படித்துவிட்டார் என்று அவர் கண்ணில் தெரிந்தது. "நூறு மட்டும் எழுதுங்க மேடம்" என்றார் மெல்ல.

நான் சாக்பீஸை எடுக்கவில்லை. துணியால் பலகையைத் துடைத்தேன். முழுதும் போகவில்லை, 97 லேசாகத் தெரிந்தது.

"இங்க நூறு நாள் யாரும் விழாம இல்லைங்க. பத்தொன்பது தடவை அடிபட்டிருக்காங்க. யாரும் என்கிட்ட சொல்லலை. சொல்லமுடியாதபடி நான்தான் வச்சிருந்தேன். ஒருத்தி கை ஒடஞ்சு ஒம்பது நாள் வலியோட இருந்திருக்கா. தயவுசெஞ்சு இந்தப் பலகையை வேற எந்த இல்லத்துலயும் மாட்டாதீங்க."

முன்வரிசையில் யாரோ தும்மினார்கள். பிறகு நஞ்சப்பன் சார் மைக்கை என் முன்னாலிருந்து நகர்த்தி வைத்தார். விருந்தினர்கள் பாயசம் சாப்பிடாமலே கிளம்பினார்கள். கார்கள் பனிக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின.

பாயசத்தைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டோம். பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன். பெண்களுக்கு.

நவம்பர் 30

விசாரணைக் குழு ஜனவரியில் வருமாம். அதுவரை நான் இருக்கலாம். பொன்னாத்தாளிடம் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். வார்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். சமையலறையில் உப்பு அளக்கப் போயிருந்த டம்ளர் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது.

டிசம்பர் 3

வெண்ணிலாவுக்கு நேற்று ஆபரேஷன் முடிந்தது. முன்போல முழுதாக மடக்க முடியாமல் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கூடவே இருக்கிறார்.

டம்ளர் மூன்று நாளாகக் காலி. முன்பு இதற்குத்தானே பாயசம் வைத்தேன்? இப்போது அதைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறேன். முப்பத்தெட்டுப் பேர் இருக்கும் இடத்தில் மூன்று நாள் ஒன்றுமே நடக்காதா? என்னிடம் உள்ள பயம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. கோதை வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் கொட்டையை மட்டும் போட்டுவிட்டு நின்றாள். "இப்ப எப்படி இருக்கா? காட்டு" என்று எழுந்தேன். கோதை என் விரலைப் பிடித்து ஒரு கட்டிலுக்கு நடத்திப் போனாள். முழங்காலில் சிராய்ப்பு. மருந்து போட்டேன். யாரும் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பர் 4

இன்று காலை மாத்திரைத் தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். பேச்சுவாக்கில் தேவானைக்கு உரிய மாத்திரையை ராசம்மாள் கையில் வைத்துவிட்டேன். வாய்க்குப் போகுமுன் பிடுங்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது, ஒருமுறையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சமையலறைக்குப் போய்க் கோதையின் குவியலிலிருந்து ஒரு கொட்டை எடுத்தேன். அவள் கையை நிறுத்திப் பார்த்தாள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் டம்ளரில் போட்டேன். டிங் என்ற அந்தச் சின்னச் சத்தம் அறையைச் சுற்றி வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

உங்க கண்ணு எங்க இருந்துச்சு என்று யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் நியாயம்தான்.

பொன்னாத்தாள்தான் வாயைத் திறந்தாள். "ராசம்மா இப்ப எப்படி இருக்காளுங்க?"

டிசம்பர் 5

மூன்று மணி. பனி வந்துவிட்டது. டம்ளரைக் கவிழ்த்தேன்.

நான்கு கொட்டைகள்.

மறுபடி எண்ணினேன். நான்கேதான். இந்த இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நான்கு பேருக்கு எங்கோ வலிக்கிறது, நான்கு பேர் அதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று சுகந்தி போட்டதாக இருக்கும் என்று தோன்றியது. நான் விசாரிக்கவில்லை.

எழுந்து வார்டுக்குக் கிளம்பும்போது கோதை வராந்தாவில் எதிரே வந்தாள். மேசை மேல் இருந்த நான்கையும் வாசலில் நின்றே பார்த்தாள். தான் சொல்ல வந்ததை யாரோ முன்பே சொல்லிவிட்டதுபோல, உள்ளே வரவில்லை. கையில் வைத்திருந்த கொட்டையைத் தூரத் தோட்டத்துப் பனிக்குள் எறிந்துவிட்டு, எதிர்த் திண்டில் போய் உட்கார்ந்து கால்களை ஆட்டத் தொடங்கினாள்.

நான் நான்கு பேரைத் தேடிப் போனேன்.